ஃபிதான் வீட்டுக் கல்தொட்டி

ஃபிதானின் முற்றத்தில் கிடந்த கல்தொட்டி யாரோ ஒரு ரோமானியனின் சவப்பெட்டி. மேட்டில் உடைந்து நிற்கும் தூண்களுக்கு நடுவிலிருந்து அவள் மாமனாரின் தகப்பன் எருதுகளைப் பூட்டி இழுத்து வந்தது. கால்மாட்டில் ஒரு துளை போட்டிருந்தார். அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அதில் இறங்கித்தான் திராட்சை மிதிப்பார்கள். துளை வழியே சாறு அண்டாவுக்கு வரும். காய்ச்சினால் பெக்மெஸ் பாகு. குளிர்காலம் முழுக்க ரொட்டிக்கு அதுதான்.

கணவன் இறந்து, மகன் இஸ்மிர் நகரத்துக்குப் போய்விட்ட பிறகு, ஃபிதான் வீட்டில் ஆள் சத்தம் கேட்பது திராட்சை மிதிக்கும் நாட்களில் மட்டும்தான்.

கோடை முடியும் சமயம் அருங்காட்சியகத்திலிருந்து தய்ஃபுன் என்ற அதிகாரி வந்தார். தொட்டியின் பக்கவாட்டில் செதுக்கியிருந்த பூமாலைகளைத் தடவிப் பார்த்தார்.

"புதன்கிழமை கிரேன் வருது அத்தை."

"திராட்சை இன்னும் பழுக்கலியே. மிதிச்சு முடிச்சதும் தூக்கிட்டுப் போயேன்."

"கிரேன் என் கையில இல்ல. மாவட்டத்துக்கே ஒண்ணுதான்."

"உள்ள படுத்திருந்தவனே அவசரப்படல. உனக்கென்னப்பா அவசரம்?"

அவர் சிரித்தார். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஃபிதான் பெண்களைக் கூட்டினாள். "நாளைக்கே பறிச்சிடலாம்டி. வெள்ளை மண்ணைக் கொஞ்சம் கூடப் போட்டா புளிப்பு போயிடும்."

புளிப்பு முறிய அந்த மண்ணைச் சாற்றில் ஒரு பிடி போடுவது வழக்கம்.

"காய்க்குப் போடறதுன்னா ஒரு பிடி போதாது. வருஷம் பூரா மண்ணைத்தான் நக்கணும்," என்றாள் எதிர்வீட்டு குல்சும். பிறகு, "பரவால்லக்கா. நீ சொன்னா பறிச்சிடறோம்," என்றாள்.

யாரும் மறுக்கவில்லை. அதுதான் ஃபிதானுக்குத் தாங்கவில்லை. எழுந்து தோட்டத்துக்குப் போனாள். ஒரு காயைப் பிய்த்துக் கடித்தாள். முகம் கோணியது. திரும்பி வந்து, "வேணாம். பழுக்கட்டும்," என்றாள்.

புதன்கிழமை தொட்டி போயிற்று. அது கிடந்த இடத்தில் மண் வெளுத்திருந்தது. கோழிகள் அங்கே கிளற ஆரம்பித்தன.

திராட்சை பழுத்தது. குல்சும் தன் முற்றத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் போட்டாள். ஃபிதான் கூடையோடு போய் வேலியோரம் நின்றாள். மிதிப்பதற்காக இன்னொரு வீட்டுக்கு அவள் போனதே இல்லை.

"என்னக்கா, பொண்ணு கேட்டு வந்தவ மாதிரி நிக்கிறே? காலைக் கழுவிட்டு ஏறு."

ஏறினாள். பிளாஸ்டிக் அடி வழுக்கியது. குல்சுமின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல எப்படிடி நிக்கிறீங்க?"

"இப்படித்தான். ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு."

பழங்கள் காலடியில் வெடித்தன. ஃபிதான் கையை எடுக்கவில்லை.