கல்தொட்டியும் ஹாரன் பந்தும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கல்தொட்டி கிடந்தது. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வைத்திருந்தது. எங்களுக்கு மாடு இல்லை. நைனாவுக்குச் செஞ்சிக் கடைத்தெருவில் எண்ணெய்க்கடை. நல்லெண்ணெய், கடலையெண்ணெய், விளக்கெண்ணெய், அவ்வளவுதான் வியாபாரம். கடையிலிருந்து ஆறாவது வீடு எங்களுடையது. தொட்டியில் அம்மா அழுக்குத் துணி ஊறவைப்பாள். மற்ற நேரத்தில் காக்கை வந்து குளித்துவிட்டுப் போகும்.

எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு மூன்று. அந்த வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாள் கொதித்துவிட்டு இறங்கியது. ஐந்தாம் நாள் காலையில் அம்மா அவளைப் பாயிலிருந்து தூக்கி நிறுத்தினாள். இடது கால் நிற்கவில்லை, மடங்கிக்கொண்டது. இன்னொரு முறை நிறுத்திப் பார்த்தாள். மூன்றாம் முறை நிறுத்தவில்லை. அவளை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நான்தான் ஓடிப்போய் இறக்கினேன்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எண்ணெய்க்கடைக்காரர் வீட்டில் எண்ணெய்க்கா பஞ்சம்? காலையும் மாலையும் விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். கால் பளபளப்பானதே தவிர அசையவில்லை. கடைசியில் நைனாவும் அம்மாவும் அவளைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினார்கள். இரண்டு நாள் நான் எதிர்வீட்டில் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது மருந்துப் பாட்டில் எதுவும் கொண்டுவரவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நர்ஸம்மா, வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தையை உட்காரவைக்கச் சொன்னாராம். கால் தண்ணீருக்குள் லேசாக இருக்கும், அப்போது அதை அசைக்கப் பழக்க வேண்டும் என்றாராம். நாம் பிடித்து ஆட்டினால் மட்டும் போதாது, அவளாக ஆட்டவேண்டும், அதற்கு விளையாட்டுக் காட்டுங்கள் என்றாராம். நைனா இதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். "அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில வெளையாட்டுதான் மருந்துன்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்பார். அவர் அதை நம்பினாரா, நொந்துகொண்டாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தை பிறந்து வெயில் திரும்பியதும் தொட்டியைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். காலையில் நான் பள்ளிக்கூடம் போகும் முன்பு கிணற்றிலிருந்து இறைத்து நிரப்புவேன். பாறை சூழ்ந்த ஊர், வெயிலுக்குக் குறைவில்லை. நாலரை மணிக்கு நான் திரும்பும்போது கை வைத்தால் சுடுகிறதா சுடவில்லையா என்று சொல்ல முடியாத பதத்தில் தண்ணீர் இருக்கும். விறகே வேண்டியிருக்கவில்லை.

ஆனால் தொட்டியில் இறக்கியதும் அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் கழுத்தை விடவே மாட்டாள். மூன்றாம் நாள் நைனா கடையிலிருந்து ஒரு சாக்குமூட்டையைக் கொண்டுவந்து தொட்டி ஓரத்தில் கவிழ்த்தார். உள்ளே ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று நாலு தகர அளவைகள். லிட்டர் வந்துவிட்டது, இனி பழைய அளவையில் அளக்கக்கூடாது என்று சர்க்கார் சொன்ன பிறகு பரண் மேல் போட்டு வைத்திருந்தவை. பழைய சாமான்காரனிடம் போட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

எத்தனை முறை கழுவினாலும் அவற்றில் எண்ணெய் இருந்தது. தண்ணீரில் போட்டதும் மேலே வண்ண வண்ணமாகப் படலம் விரிந்தது. தங்கை அழுகையை நிறுத்திவிட்டு அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஆழாக்கை எடுத்து முகந்தாள், உழக்கில் ஊற்றினாள். அன்றைக்கு அவளைத் தொட்டியிலிருந்து எடுக்கப் போனபோதுதான் மறுபடியும் கத்தினாள்.

ஒரு மாதத்துக்குள் அவளுக்குக் கணக்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஒன்றிலிருந்து வரிசையாக எண்ணத் தெரியாது. ஆனால் படி நிரம்பினதும் "எட்டு" என்பாள். நான் வேண்டுமென்றே ஏழோடு நிறுத்தினால் என் கையைத் தட்டிவிட்டு இன்னொன்று முகந்து ஊற்றுவாள்.

கை இவ்வளவு வேலை செய்தது. கால் மட்டும் தொட்டியின் அடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. கொட்டாங்கச்சியில் பூவரச இலையை நட்டுப் படகு விட்டேன், காலால் தள்ளுவாள் என்று. வலது காலால் தள்ளினாள். வலது காலை நான் பிடித்துக்கொண்டால் கையால் தள்ளினாள். எங்களை விட அவள் கெட்டிக்காரி.

அவலூர்பேட்டை பஸ் டிரைவர் ஒருவர் நைனாவின் வாடிக்கைக்காரர். அவருடைய பஸ்ஸில் வெளிப்பக்கம் பித்தளை ஹாரன் வளைந்திருக்கும், அதன் முனையில் அழுத்துவதற்கு ஒரு ரப்பர் பந்து. அந்தப் பந்து தளர்ந்து போய், அழுத்தினால் இருமல் சத்தம்தான் வருகிறது என்று மாற்றிவிட்டார். பழையதை நைனா கேட்டு வாங்கிவந்தார். பீப்பாயிலிருந்து எண்ணெய் இறக்கும் ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி, பந்தின் வாயில் செருகி, சைக்கிள் டியூப் கிழிசலால் இறுக்கிக் கட்டினார். பந்தைத் தண்ணீரில் அமுக்கி நிரப்பித் தங்கையின் இடது பாதத்துக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் வைத்தார். குழாயின் மறுமுனை என் கையில். அவள் மிதித்தால் குழாய் வழியாகத் தண்ணீர் வெளியே வரும். மிதித்தது போதும் என்று விட்டதும் குழாய் முனையை நான் தொட்டிக்குள் முக்கினால் பந்து தானாக நிரம்பிக்கொள்ளும். ஆக, அதை ஆட இரண்டு பேர் வேண்டும்.

அம்மா அவளுடைய பாதத்தின் மேல் தன் கையை வைத்து அழுத்திக் காட்டினாள். தண்ணீர் சர்ரென்று கிளம்பி நைனாவின் சட்டையில் அடித்தது. தங்கை சிரித்த சிரிப்பில் எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அம்மா கையை எடுத்தாள். ஒன்றும் வரவில்லை.

இருபது நாள் போல ஒன்றும் வரவில்லை. எனக்கே சலித்துவிட்டது. தெருவில் என் வயதுப் பெண்கள் பாண்டி ஆடுகிற சத்தம் கேட்கும். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு கொல்லையில் குந்தியிருப்பேன். ஒருநாள் அப்படித்தான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஈரமாக எதுவோ ஓடியது. குனிந்து பார்த்தால் குழாய் முனையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீயாம்மா அமுக்குன?" என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கிணற்றுக்கு அந்தப் பக்கம். "நான் இங்க இருக்கேன்டி, இன்னா கேக்கற?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையில் இருந்த புடவையைப் போட்டுவிட்டு வந்தாள்.

"பாப்பா, இன்னொரு வாட்டி மிதி."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். நாலு சொட்டு. அம்மா அவற்றை உள்ளங்கையில் ஏந்தினாள். பிறகு அந்தக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அளக்க ஆரம்பித்தோம். பத்து மிதிக்கு எவ்வளவு என்று ஆழாக்கில் பிடிப்பேன். முதலில் அடி நனைந்தது. சித்திரையில் கால் ஆழாக்கு, ஆனியில் அரை. நைனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தால் தட்டுக்கு முன்னால் உட்காருவதற்குள்ளேயே "நேத்து இன்னா அளவு?" என்று கேட்பார்.

ஆடியில் எடை அளவு இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். பழைய அளவைகள் எங்கே என்று கேட்டிருக்கிறார். நைனாவுக்குப் பொய் சொல்ல வராது. வீட்டில் குழந்தைகள் வைத்து விளையாடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். இந்தப் பதிலை யார் நம்புவார்கள்? மாலையில் அந்த அதிகாரி நைனாவோடு நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார்.

தங்கை தொட்டியில் இருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தாள். படியை நிரப்பி முடித்து, "எட்டு" என்று அவரிடம் சொன்னாள். அவர் தண்ணீருக்குள் தெரிந்த காலைப் பார்த்தார். பிறகு நைனாவிடம் மெதுவாக, "நீங்க சொன்னது நிஜந்தான். ஆனா முழுசா விட்டுட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லைங்க. ஒரு ஆணியும் சுத்தியலும் குடுங்க" என்றார்.

ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் மூன்று மூன்று ஓட்டை போட்டார். சின்ன ஆழாக்கை எடுத்தபோது சற்றுத் தயங்கினார். அதற்கும் போட்டார். தங்கை அழுதாள். நான் அவரை முறைத்துக்கொண்டு நின்றேன். அம்மா கொடுத்த மோரை அவர் குடிக்கவில்லை. வேண்டாம் என்று கைகூப்பிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவள் ஓட்டைப் படியால் முகந்து தூக்கினாள். மூன்று தாரையாகத் தண்ணீர் இறங்கியது. அதைத் தன் தலைக்கு மேல் பிடித்தாள், பிறகு கால் மேல் பிடித்தாள். இடது கால் கூச்சத்தில் உதறிக்கொண்டது. உதறிக்கொண்டது என்றால், முட்டி மடங்கி நீண்டது. அதுவரைக்கும் அப்படி நடந்ததில்லை. அந்த இன்ஸ்பெக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் அதற்குள் விழுப்புரத்துக்கோ எங்கேயோ போயிருந்தார். அளப்பதற்கு நைனா நசுங்கிப்போன ஒரு நூறு மில்லி அளவையைக் கொண்டுவந்தார். தங்கை அதைச் "சர்க்கார் ஆழாக்கு" என்றுதான் சொன்னாள்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. மாசியிலேயே கிணற்றில் பாறை தெரிந்தது. குடிக்க இரண்டு குடம் இறைப்பதற்குள் கயிறு கையை அறுத்தது. தொட்டியை நிரப்புவது எப்படி? சேறும் தண்ணீருமாக ஒரு அண்டாவில் கொஞ்ச நாள் ஓட்டினோம். அதுவும் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கிற அளவுக்குத் தங்கை வந்திருந்தாள். இனி அதுவும் போய்விடும் என்று அம்மா பயந்தாள். காய்ந்த தொட்டியில் அவளை உட்காரவைத்து வெறும் பந்தை மிதிக்கச் சொன்னோம். அதிலிருந்து காற்றுதான் வந்தது. அவள் எழுந்துகொண்டாள்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் விடுமுறை. நைனாவைச் சாப்பிடக் கூப்பிட்டுவா என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் வாசலுக்கு வந்தபோது தங்கை எனக்கு முன்னால் தெருவில் இறங்கியிருந்தாள். பிடித்து நிறுத்தப் போனேன். ஏனோ நிறுத்தவில்லை. பின்னாலேயே போனேன், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில். முதல் வீட்டுச் சுவர், இரண்டாம் வீட்டுச் சுவர் என்று பிடித்துக்கொண்டு போனாள். நாலாவது வீடு இடிந்து கிடந்தது, பிடிக்கச் சுவர் இல்லை. அங்கே நின்று யோசித்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

நைனா மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஒரு அம்மாளுக்கு நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தது. தூக்குச்சட்டி நிரம்பி, பலகையில் வழிந்து, கடை வாசற்படியில் இறங்கியது. அந்த அம்மாளும் எண்ணெயைப் பார்க்கவில்லை.

தங்கை கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"நைனா, சோறு ஆறுது. அம்மா வரச்சொல்லிச்சு."