மெர்சி அக்காவுடன் பாண்டிச்சேரிக்கு

செவ்வாய்க்கிழமை காலை நம் அலுவலகப் புஷ்பாதான் தொலைபேசியில் சொன்னாள், மெர்சி அக்கா இறந்துவிட்டார் என்று. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். தாம்பரம் அலுவலகத்தில் வேலை பார்த்த நம் எல்லோருக்கும் அவர் ஹெட் கிளார்க். எனக்கோ, அவர் பெயரைக் கேட்டதும் எண்பத்தெட்டில் போன பாண்டிச்சேரிப் பயணம்தான் நினைவுக்கு வரும்.

நம் அலுவலக ஆண்கள் வருடந்தோறும் சுற்றுலா போவார்கள். அந்த ஆண்டு, பெண்கள் தனியாகப் போகிறோம் என்றார் அக்கா. மேனேஜர் சிரித்தார். “வழியில ஒண்ணுன்னா யாரும்மா பாத்துப்பாங்க?”

“எட்டு பேர் போறோம் சார். ஒருத்தர ஒருத்தர் பாத்துக்க மாட்டோமா?”

என் மாமியார் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அலுவலகத்தில் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அக்கா செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தார். எனக்காக எதுவும் பேசவில்லை. காபியைக் குடித்துவிட்டு மாமியாரிடம், “நீங்க பாண்டிச்சேரி பாத்திருக்கீங்களாம்மா?” என்றார்.

“நான் எங்க பாத்தேன்? மவுண்ட் ரோடே ரெண்டு தடவதான் போயிருக்கேன்.”

“அப்ப நீங்களும் வாங்க. ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான்.”

அன்று மாலையே மாமியார் என்னிடம், “எத்தன மணிக்குக் கிளம்பணும்?” என்று கேட்டார்.

பயணத்தன்று திண்டிவனத்துக்கு முன்னால் எங்கள் வேன் நின்றுவிட்டது. கீழ்க்கட்டளைக்காரரான டிரைவர் இன்ஜினைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். “பேஜாராப் பூட்ச்சுக்கா. தாம்பரம் பஸ்ல ஏத்தி வுட்டுடவா?”

எங்களில் இருவர் திரும்பிவிடலாம் என்றார்கள். அக்கா சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். “சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிட்டு பாண்டிக்கு வந்துடுப்பா. நாங்க முன்னாடி போறோம்.” அடுத்து வந்த பேருந்தைக் கைநீட்டி நிறுத்தினார்.

பாண்டிச்சேரிப் பூங்காவில் மரநிழலில் புளிச்சோறு சாப்பிட்டோம். அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளை விட்டு மாமியார் நகரவில்லை. “அந்தக் காலத்துல ரோமாபுரிக்காரன் எதுக்கு இவ்ளோ தூரம் வந்தான்?”

“வியாபாரம்னு எழுதியிருக்காங்க. எனக்கென்னவோ நம்மள மாதிரி ஊர் பாக்கத்தான் வந்திருப்பான்” என்றார் அக்கா.

கடற்கரைக்கு வழி கேட்டபோது ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தமிழில் பதில் சொன்னார். சேலை கட்டிய அவர் மனைவி அவரைப் பிரெஞ்சில் திருத்தினார். மாமியார் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடலோரம் ஒன்பது பேரும் சாலையை அடைத்துக்கொண்டு கைகோத்து நடந்தோம். யாரோ பாட ஆரம்பித்தார்கள். பார்த்தால், என் மாமியார்! வேனும் சொன்னபடி வந்து சேர்ந்தது.

திங்கட்கிழமை மேனேஜர், “வண்டி நின்னுபோச்சாமே?” என்றார்.

“வண்டிதான் சார் நின்னுச்சு. நாங்க பாண்டிச்சேரி பாத்துட்டு வந்துட்டோம்” என்றார் அக்கா.

மறு ஆண்டு இரண்டு வேன்கள் வேண்டியிருந்தன. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது மேனேஜரின் மனைவி.

அதன்பிறகு மைசூர், கொச்சி, விசாகப்பட்டினம் என்று எத்தனையோ ஊர்கள் பார்த்துவிட்டேன். எதற்கும், “போகட்டுமா?” என்று யாரிடமும் நான் கேட்டதில்லை. “போறேன், வர்றீங்களா?” என்றுதான் கேட்கிறேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான்.