பனியில் ஓடிய திருப்புறத்துச் சோனா

சோனாவுக்கு இப்போது இருபத்தாறு வயது. வீடு கேரளத்தின் தென்கோடியில், திருப்புறத்தில், சபைக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி இடது பக்கம். அப்பா விஜயதாஸ் பூவாரில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். அம்மா சுகிர்தபாய்க்குத் தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரி கேன்டீனில் வேலை. சோனாவும் அம்மாவுடன் காலை பஸ்ஸில் போய் மேசை துடைப்பாள், தண்ணீர் வைப்பாள். அறிவு வளர்ச்சி குறைவாக இருக்கும் என்று நாலு வயதில் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். மணி பார்க்கத் தெரியும். கூட்டல் கணக்கு வராது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

ஓடுவதும் தெரியும். நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் ஒரு சிறப்புப் பள்ளியில் படித்த காலத்திலேயே விளையாட்டு தினத்தில் அவள்தான் முதலில் வருவாள். பள்ளி முடித்த பிறகும் பழைய மாணவர்களை அங்கே பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு அந்தப் பள்ளிக்கு பிரசீதா என்ற உடற்பயிற்சி ஆசிரியை வந்தாள். சோனாவைவிட நாலு வயதுதான் மூத்தவள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான குளிர்கால உலகப் போட்டிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவளுக்குத் தகவல் வந்திருந்தது. அதில் ஒரு போட்டி ஸ்னோஷூ ஓட்டம். பனிக்குள் கால் புதையாமல் இருக்க, ஒரு முழத்துக்கு மேல் நீளமுள்ள அகலச் சட்டம் ஒன்றைக் காலணிக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஓடுவது.

"பனி எங்க டீச்சர் இருக்கு?" என்று கேட்டாள் சுகிர்தபாய். "இஞ்ச மார்கழியிலகூட ஃபேன் போடாம உறங்க முடியல்ல."

"பனி வேண்டாம் சேச்சி, மணல் போதும். மணலிலயும் கால் புதையும் இல்லியா? இமாச்சலத்து முகாமுக்குப் போறதுக்கு முந்தி எல்லாரும் மணலிலதான் பழகுதாவ" என்றாள் பிரசீதா.

மணலுக்கா பஞ்சம்? பூவாரில் நெய்யாறு கடலில் சேரும் இடத்தில் நீளமாக ஒரு மணல்திட்டு உண்டு. ஊரில் பொழி என்பார்கள். வாரத்தில் நாலு நாள், விடிந்த கையோடு சோனாவும் பிரசீதாவும் படகில் அங்கே போய் இறங்குவார்கள். முதல் வாரம் முழுக்க சோனா விழுந்தாள். ஒரு சட்டத்தின் மேல் இன்னொரு சட்டம் ஏறி மிதிக்கும். முகம் மணலில் போய்ப் பதியும். எழுந்து, துப்பிவிட்டு, மறுபடி ஓடுவாள். காலை அகட்டி வைக்க வேண்டும், முட்டியைத் தூக்கிப் போட வேண்டும் என்பதெல்லாம் பிரசீதா சொல்லி வந்ததைவிட விழுந்து வந்தது அதிகம். பிரசீதாவும் இதற்கு முன் ஸ்னோஷூவைக் கண்டதில்லை. போனில் வீடியோ பார்த்து, இரண்டு பேரும் சேர்ந்தே கற்றார்கள்.

வேடிக்கை பார்க்க ஆள் கூடியது. வலை இழுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். சுற்றுலாப் படகுகளில் வந்தவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். விஜயதாஸுக்கு அதுதான் தாங்கவில்லை. பயணிகளோடு அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் படகை எதிர்க்கரை ஓரமாகத் திருப்பிக்கொண்டு போவார். ஒரு நாள் வீட்டில் வெடித்தார்.

"ஊரு பூரா சிரிக்குது. பிள்ளைய வச்சு வித்தை காட்டுததா? வேண்டாம், நிறுத்தணும்."

சோனா சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அப்பா போட்டுப் பாரு" என்றாள்.

"என்னத்த?"

"அந்தச் செருப்ப. போட்டு ஓடு. பிறவு பேசு."

மறுநாள் காலை, இதிலென்ன பெரிய வித்தை என்று காட்டிவிட வேண்டும் என்கிற வீம்பில், அவர் உண்மையிலேயே மாட்டிக்கொண்டார். பத்து அடி வைத்திருப்பார். பதினோராவது அடியில் குப்புற விழுந்தார். எழ முயன்றபோது சட்டத்தின் முனை மணலில் குத்தி மறுபடி விழுந்தார். வலைக்காரர்கள் கைதட்டினார்கள். மூச்சு வாங்க மணலில் உட்கார்ந்தபடி, தன்னைச் சுற்றி முட்டி உயர்த்தி ஓடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். அவள் கால் இப்போது எங்கேயும் இடறவில்லை.

"எலே, இதப் போட்டு நடக்கவே முடியல்ல. இவ ஓடுதா, கேட்டியளா!" என்று வலைக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். "எனக்க மவளாக்கும்!"

அன்றிலிருந்து பயணிகளைப் பொழிப் பக்கமாகவே கூட்டிவந்தார். நின்று, காட்டி, என்ன விளையாட்டு என்று விளக்கமும் சொல்லுவார்.

மாநில அளவில் தேர்வானாள். இமாச்சலத்து முகாமுக்குப் போனாள். பனியை முதலில் தொட்ட கையோடு வாயில் போட்டுப் பார்த்து, "ருசி ஒண்ணும் இல்ல" என்றாள். குளிரில் அழுதாள். இரண்டு நாள் அறையை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலணியை மாட்டி இறங்கியபோது, பொழி மணலைவிடப் பனி லேசாக இருப்பது அவள் காலுக்குத் தெரிந்துவிட்டது. முகாம் முடிவில் இந்திய அணியில் ஆறு பெண்களில் ஒருத்தியாக இருந்தாள். பிரசீதாவும் உதவிப் பயிற்சியாளராகப் போனாள்.

போட்டி ஐரோப்பாவில் ஒரு மலை நகரத்தில். அங்கே ஒரு முறை உண்டு. முதலில் எல்லோரையும் ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். ஒரே மாதிரி வேகம் உள்ளவர்களை ஒரு பிரிவாகச் சேர்த்து இறுதிப் போட்டி வைப்பார்கள். நானூறு மீட்டர் முதல் ஓட்டத்தில் சோனா கொடுத்த வேகத்துக்கு அவளை எல்லாவற்றிலும் வேகமான பிரிவில் போட்டுவிட்டார்கள். கூட ஓட வேண்டிய ஐந்து பேரும் பனி பெய்யும் நாட்டில் பிறந்தவர்கள். பட்டியலைப் பார்த்ததும் பிரசீதா பயந்துபோனாள். சோனாவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"உனக்கு பயம் உண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"டீச்சருக்கு உண்டு" என்றாள் சோனா. "முகத்தில தெரியுது."

துப்பாக்கி வெடித்தது. முதல் நூறு மீட்டரில் அவள் நாலாவது. வளைவில் முன்னால் ஓடியவள் காலிலிருந்து தெறித்த பனி கண்ணில் பட்டு, சோனா முன்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். யாராவது கைகொடுத்துத் தூக்கினால் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். பிரசீதா வேலிக்கு வெளியே நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் விழுந்து எழுவது சோனாவுக்குப் புதிதா? ஒரு பக்கமாக உருண்டு, முட்டி ஊன்றி, எண்ணி மூன்று நொடியில் எழுந்துவிட்டாள். அதன் பிறகு அவள் ஓடிய ஓட்டத்தை வர்ணனையாளர்கூடப் பேச்சை நிறுத்திப் பார்த்தாராம். ஐந்தாவது ஆளைத் தாண்டினாள், நாலாவதைத் தாண்டினாள், மூன்றாவதையும் தாண்டினாள். கடைசி நேர்கோட்டில் முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். முடிவுக் கோட்டுக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது அவளுக்கு முன்னால் யாரும் இல்லை.

ஜெயித்தது அவளுக்குத் தெரியாது. நிற்காமல் இன்னொரு சுற்று ஓடத் தொடங்கினாள். பிரசீதா வெறும் பூட்ஸோடு பனிக்குள் விழுந்தடித்து ஓடிப் போய்ப் பிடித்தாள்.

"சோனா, நில்லு! ஓட்டம் கழிஞ்சுபோச்சு! தங்கம்! உனக்குத் தங்கம்!"

"பின்ன எதுக்கு அழுவுதீங்க?" என்று கேட்டாள் சோனா.

போன் வந்தபோது விஜயதாஸ் நெய்யாற்றின் நடுவில் இருந்தார். இஞ்சினை நிறுத்தினார். படகில் இருந்தவர்கள் குஜராத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. இவர் இரண்டிலும் மாறி மாறிச் சொன்னார். மகள், பனி, தங்கம் என்று கையால் நடித்தும் காட்டினார். கடைசியில் அந்தக் குடும்பத்துப் பாட்டி புரிந்துகொண்டு எழுந்து நின்று கைதட்ட, படகு ஆடியது.

ஆனால் ஊருக்கு அது அவ்வளவு எளிதாகப் புரியவில்லை. சோனா திரும்பி வந்த மாதத்தில் ஊர் கிளப்பின் ஆண்டு விழா. மாவட்டக் கபடியில் இரண்டாம் இடம் வந்த பையன்களுக்கு மாலை போட்டு, ஆளுயரக் கோப்பை கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து நாற்காலி மடக்கும் நேரத்தில் செயலாளர் கிருஷ்ணன்குட்டி மைக்கில் சொன்னார்: "நம்ம விஜயதாஸுக்க மகள், பாவம் குட்டி, அவளுக்கும் ஒரு சின்ன சம்மானம் உண்டு." ஒரு டிபன் பாக்ஸ். கூட்டத்தில் ஒருவர், "அந்தப் போட்டியில எல்லாருக்கும் மெடல் குடுப்பாவ இல்லியா?" என்று கேட்டது சோனா காதிலும் விழுந்தது.

அவள் டிபன் பாக்ஸை மேடையிலேயே திருப்பி வைத்தாள். "நான் பாவம் இல்ல" என்றாள். மைக் அணைந்திருந்தது. முதல் வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது.

அந்த இரவு சுகிர்தபாய் அழுதாள். சோனா அழவில்லை. காலையில் வழக்கம்போலப் பொழிக்குக் கிளம்பினாள்.

ஏழு மாதம் கழித்து, ஒரு பகல் பதினோரு மணிக்குப் பிரசீதா ஸ்கூட்டரைக் கேன்டீன் வாசலில் சாய்த்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். தில்லியிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. குளிர்கால விளையாட்டுகளில் உலக அளவில் வென்ற இந்தியர்களை அந்த வருடம் ஒரே மேடையில் கௌரவிக்கிறார்கள். பனிச்சறுக்கு, ஐஸ் ஹாக்கி, ஐஸ் ஸ்கேட்டிங், ஸ்னோஷூ. குறைபாடு உள்ளவர்களுக்கென்று தனி வரிசை கிடையாது. மற்ற வீரர்களுக்கு என்ன விருதோ அதே விருது. பட்டியலில் இரண்டாவது பெயர் சோனா.

சுகிர்தபாய் கையிலிருந்த தோசைக் கரண்டியோடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். தினமும் தங்களுக்குத் தண்ணீர் வைக்கும் சோனா அக்கா உலகத் தங்கம் என்பது அவர்களில் பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரியும்.

தில்லியில் ஒத்திகை நடந்தபோது ஓர் அதிகாரி, சோனாவின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வரும்படி சுகிர்தபாயிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிரசீதா அதை மொழிபெயர்த்தாள்.

"அம்ம எதுக்கு? அம்ம ஓடினாளா?" என்றாள் சோனா. "ஓடினது நானாக்கும்."

பிரசீதா அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள். அதிகாரி சிரித்தார். கையிலிருந்த தாளில் ஏதோ ஒரு வரியை அடித்தார்.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. "சோனா விஜயதாஸ், ஸ்னோஷூ, கேரளா" என்று அறிவித்தார்கள். இந்திக்காரர் வாயில் தன் பெயர் 'விஜயாதாஸ்' என்று நீண்டு ஒலித்ததைக் கேட்டு மூன்றாவது வரிசையில் விஜயதாஸ் எழுந்தே விட்டார். தன்னை அழைத்த மாதிரி. பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

நீல பிளேஸர் போட்டு, தலைமுடியை இறுக்கிக் கட்டி, சோனா தனியே நடந்தாள். படிகளை ஒவ்வொன்றாக ஏறினாள். அமைச்சர் பதக்கத்தை அணிவித்துச் சால்வை போர்த்தினார். அவள் வணக்கம் சொன்னாள். பிறகு, ஒத்திகையில் இல்லாதபடி, அரங்கைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் மேலே உயர்த்தினாள். லடாக்கிலிருந்து வந்திருந்த ஐஸ் ஹாக்கிப் பெண்கள்தான் முதலில் எழுந்தார்கள். காலால் தரையை உதைத்துச் சத்தம் போட்டார்கள். அப்புறம் வரிசை வரிசையாக மொத்த அரங்கும் எழுந்தது. கீழே இறங்கி வரும்போது அந்தப் பெண்களில் ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு, ஜாடையில், எங்கே ஓடிப் பழகினாய் என்று கேட்டாள். சோனா தன் போனில் பொழியின் படத்தைக் காட்டினாள். மணலும் கடலும். அந்தப் பெண் நம்பவில்லை. மறுபடி வாங்கிப் பார்த்தாள்.

விமானம் திருவனந்தபுரத்தில் இறங்கியபோது மாலை நாலு மணி. நெய்யாற்றின்கரையில் பூ கட்டிய திறந்த ஜீப் காத்திருந்தது. செண்டை மேளம், சபைப் பாடகர் குழு, கல்லூரி மாணவர்கள், வலைக்காரர்கள், எல்லோரும் இருந்தார்கள். ஜீப்பின் பக்கத்தில் மாலையோடு நின்றவர் கிருஷ்ணன்குட்டி.

"மக்கா, அன்னைக்கு நான் பறஞ்சது தப்பு" என்றார். மைக்கில் சொன்னார். ஊர் முழுக்கக் கேட்டது. "இனி இந்தக் கிளப்பில எந்தப் பிள்ளையையும் அப்படிச் சொல்ல மாட்டேன்."

சோனா யோசித்தாள். "சரி" என்றாள். கழுத்தை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டாள்.

ஜீப் திருப்புறம் வழியில் திரும்பியது. சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள். ஒவ்வொரு முக்கிலும் நிறுத்திச் சால்வை போர்த்தினார்கள். பாறசாலையிலிருந்துகூட வண்டி பிடித்து வந்திருந்தார்கள். சிறப்புப் பள்ளியின் பிள்ளைகள் கடைத்தெருவில் கொடியோடு நின்றார்கள். அவர்களில் நாலு பேர் அந்த மாதமே பொழியில் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள். அரை மணி நேரத்தில் ஜீப் அரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை.

சோனா சால்வைகளையெல்லாம் கழற்றி அம்மா மடியில் போட்டாள். பதக்கத்தை மட்டும் பிளேஸருக்குள் தள்ளிப் பொத்தான் போட்டாள்.

"எங்க போற பிள்ளே?" என்று சுகிர்தபாய் கேட்பதற்குள் கீழே குதித்துவிட்டாள்.

"வீட்டுக்கு. நீங்க மெல்ல வாங்க."

கூட்டம் விலகி வழி விட்டது. அவள் ஓடினாள். பள்ளிப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். கிருஷ்ணன்குட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். செண்டைக்காரர்களுக்கு வேறு வழியில்லை. கழுத்தில் தொங்கிய மேளத்தை அடித்தபடியே, மூச்சிரைக்க, அவள் பின்னால் ஓடினார்கள்.