சகலன் கழித்த வாடகை

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் சகலன் றஸீதின் மரணச் செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தபோது, நான் செய்த முதல் வேலை வாசற்கதவைப் பூட்டியது. இருபது வருடப் பழக்கம். அவர் பெயர் காதில் விழுந்தால் கை தன்பாட்டில் தாழ்ப்பாளுக்குப் போய்விடும்.

"மௌத்தான மனிசன் அடிக்கவா வரப்போறார்? கதவத் தொறங்க!" என்று அழுகைக்கு நடுவிலும் மனைவி ஏசினாள். அதற்குப் பிறகுதான் இன்னாலில்லாஹி சொன்னேன்.

அவரிடம் பொருளியல் படித்தவர்களும் அடி வாங்கியவர்களும் கல்முனையில் ஏராளம். பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆட்கள்தான். இதை வாசிக்கும் உங்களில் சிலர் இப்போது கன்னத்தைத் தடவுவது எனக்குத் தெரிகிறது. படிக்காமலே அடி வாங்கியவர்களும் உண்டு. மீன் சந்தையில் ஒரு வியாபாரி, "இண்டைக்கு வித்த காசெல்லாம் இலாபம் சேர்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். றஸீத் பலகையில் கிடந்த திருக்கையை வாலில் பிடித்துத் தூக்கி அவர் முதுகில் போடத் தொடங்கினார்.

"வருமானம் வேற, இலாபம் வேற! மீனுக்குக் குடுத்த காசு எங்க? ஐஸ் காசு எங்க? நீ வெயில்ல நிண்ட கூலி எங்க?"

ஒவ்வொரு செலவுக்கும் ஓர் அடி. வியாபாரி முதுகைப் பிடித்துக்கொண்டு திருக்கைக்கும் காசு கேட்டார். "அதையும் செலவுல எழுது" என்று நாலாவது விழுந்தது.

என் முறை ஐஸ் பெக்டரியால் வந்தது. கடற்கரைப் பக்கம் மனைவிக்குச் சீதனமாக வந்த காணி வளவில் அதை நடத்திவந்தேன். வளவை வங்கியில் ஈடு வைத்து இரண்டாவது மெஷின் வாங்க எனக்கு ஆசை. கையெழுத்து வைக்கவேண்டியவள் அவள். "றஸீத் மச்சான் கணக்குப் பார்த்து ஓமெண்டா வைக்கிறன்" என்றுவிட்டாள்.

முற்பணத்துக்கு மெஷின்காரனும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். றஸீதிடம் கணக்குத் தாளை நீட்டினேன். மாத வருமானம் ஐந்து லட்சம். கரண்ட், தண்ணீர், ஆட்கூலி நாலு லட்சம். இலாபம் ஒரு லட்சம்.

"முந்தி கடையில மனேஜரா நிண்டாய், என்ன சம்பளம்?"

"அம்பதாயிரம்."

"அத விட்டுப்போட்டுத்தானே இஞ்ச நிக்கிறாய். அதுவும் செலவு." கழித்தார். "வளவுக்கு வாடகை?"

"பொஞ்சாதிட வளவு மச்சான். சும்மா கிடைச்சது."

வாயை மூடுவதற்குள் மூலையில் கிடந்த ஐஸ் தூக்கும் இரும்புக் கொறடு அதில் இறங்கியது. முன்பல் இரண்டும் மெஷின்காரனின் தேநீருக்குள் விழுந்தன.

எங்கள் ஊரில் கலியாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டுக்குப் போகிறவன். அந்த வளவு என்ன வாடகை போகும் என்று விசாரிப்பது அவனுக்கு மரியாதை இல்லை. எனக்கும் தெரியாது, அடித்தவருக்கும் தெரியாது. மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினியைப் பார்த்து அவர் அதைக் கேட்டுக் கத்தினார். "எழுபதாயிரத்துக்குக் கேட்டவங்க!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"பாத்தியா? மாசம் இருபதாயிரம் நட்டம். இலாபமெண்டு நீ திண்டது அவட வாடகைய!"

"சேர், தொழில் எண்டா..." என்று தொடங்கிய மெஷின்காரன் ஓர் அறையோடு செருப்பையும் விட்டு ஓடினான். மனைவி கையெழுத்து வைக்கவில்லை. இரண்டு வருடம் அவரைச் சபித்தேன். பிறகு, சீதன வளவைக் காப்பாற்றித் தந்த மனிதர் என்று ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்தேன்.

அடக்குவதற்கு முன் அவர் மையித்தைக் குளிப்பாட்டும்போது வலது கை என் பங்கு. அதைத் தூக்கியதும் என் தலை தானாகப் பின்னுக்குப் போனது. சுற்றி நின்ற மூன்று பேரின் தலைகளும் போயின.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது என் இரத்தம் காய்ந்த அந்தத் தாள்தான். எதுவும் சும்மா கிடைப்பதில்லை என்பதை அதைப் பார்த்தே இன்றும் நினைவில் வைக்கிறேன். இதை எழுதுவதற்காக அதை வெளியே எடுத்தபோது, மனைவி முதற்தடவையாக வாங்கி வாசித்தாள்.

"எழுபதாயிரத்த மாசத்துக்கா கழிச்சிரிக்கார்? நான் சொன்னது வருச வாடகை."