மாதா டிக்கெட் வாங்கிய மதிய ட்ரிப்

சத்தியம், சத்தியம், மறுபடியும் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யென்றால் திண்டுக்கல் மலைக்கோட்டை உருண்டு வந்து என் வீட்டு வாசலில் நிற்கட்டும். பஸ் ஸ்டாண்டு மைக்கைக் கையில் கொடுத்தாலும் இதையேதான் உரக்கச் சொல்வேன். டவுன் பஸ் கண்டக்டர் வேலை என்பது வேறொன்றும் இல்லை. ஊரே உட்கார்ந்து எங்கேயோ போய்க்கொண்டிருக்க, ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்பி வருவது. திண்டுக்கல்லில் கிளம்பி, பேகம்பூர், சின்னாளபட்டி வழியாகக் காந்திகிராமம் போகிற பஸ்ஸில் என் காலம் ஓடியது. போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். ஒரு காலை ஊன்ற இடமில்லாமல், அடுத்தவர் அக்குளுக்குள் மூக்கை வைத்துக்கொண்டு பயணம் போன அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

ரசத்துக்கு முன் ஒரு சபதம்

என் மச்சினன் பாலுச்சாமி, அதாவது என் வீட்டுக்காரி பொன்னுத்தாயின் தம்பி, எங்கள் லைனிலேயே செக்கர். வழியில் ஏதாவது ஒரு புளியமரத்தடியில் நின்று கை காட்டுவான். பஸ் நின்றதும் ஏறி ஒவ்வொருவர் டிக்கெட்டையும் வாங்கிப் பார்ப்பான். டிக்கெட் இல்லாத ஆள் அகப்பட்டால் அவருக்கு அபராதம், கண்டக்டருக்கு மெமோ. நான் மெமோவே வாங்காதவன். ரிட்டயர் ஆகிற அன்றைக்கு டிப்போவில் மாலை போட்டு, "ஒரு மெமோ கூட வாங்காத மனுசன்" என்று சொல்லி அனுப்புவார்களே, அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் எனக்கிருந்த ஆசை.

டிப்போவில் சும்மா இருப்பார்களா? "அக்கா புருசன்னு பாத்துவிட்டுர்றான்யா" என்று அவன் காதுபடவே பேசினார்கள். அது அவனுக்கு முள்ளாகக் குத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன், கறிக்குழம்பெல்லாம் முடித்து இலையை வழித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னான்: "மச்சான், நீங்க ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ஒரு மெமோவாச்சும் எழுதாம விடமாட்டேன். தப்பா நெனைக்காதீக. அக்கா, நீ ரசத்தை ஊத்து."

பொய்த் தூக்கமும் மெய்த் தூக்கமும்

டிக்கெட் எடுக்காமல் தப்பிக்க ஆயிரம் வழி இருக்கிறது. அதில் ராஜபாட்டை தூக்கம். ஏறினதும் கண்ணை மூடிவிட்டால், தூங்குகிறவரைத் தட்டி எழுப்பக் கண்டக்டர் கூச்சப்படுவார் என்று ஒரு கணக்கு. என்னிடம் அது நடக்காது. பொய்யாகத் தூங்குகிறவன் தலை, வளைவு வருவதற்கு முன்பே சாயும். மெய்யாகத் தூங்குகிறவன் தலை, பஸ் திரும்பி முடித்த பிறகு யோசித்து யோசித்துத் திரும்பும். பொய்த் தூக்கக்காரன் காலில் செருப்பு கெட்டியாக இருக்கும். மெய்த் தூக்கத்தில் முதலில் கழன்று விழுவது செருப்புதான். செருப்பு விழுந்துவிட்டால் அது சத்தியமான தூக்கம், அதை நான் கலைக்க மாட்டேன். அவர் இறங்கும் இடம் வருவதற்குச் செத்த நேரம் முன்னால் தோளைத் தொட்டு டிக்கெட் கொடுப்பேன்.

பேகம்பூரில் ஒருத்தர் ஏறுவார். ஏறிய மறுநிமிஷம் செருப்பு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். ஒரு நாள் சின்னாளபட்டி நெருங்கும்போது தோளைத் தொட்டு, "அய்யா, டிக்கெட்" என்றேன். கண்ணைத் திறக்காமலே சிரித்தார். பிள்ளை சிரிக்கிற மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. "நான்தான் ஏற்கெனவே வாங்கிட்டேனே. கனவுல நீங்கதான வந்து குடுத்தீக. அங்கயும் சில்லறை இல்லைன்னுதான் சொன்னீக."

காற்றுக்கும் ஒரு சீட்டு

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு வேண்டாம் என்று ஆன பிறகு என் வேலை குறையும் என்று நினைத்தேன். கூடிவிட்டது. காசில்லை என்றாலும் மிஷினில் டிக்கெட் அடித்துக் கையில் கொடுத்தாக வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு பெண் உட்கார்ந்திருந்து செக்கர் பார்த்துவிட்டால், அதுவும் மெமோதான். ஆனால் காசு கொடுக்காத காகிதத்துக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்? காது குடைவார்கள், குழந்தை கையில் கொடுப்பார்கள், ஜன்னல் வழியாக விட்டு அது பறப்பதை ரசிப்பார்கள்.

சின்னாளபட்டியில் தறி போடுகிற வீட்டுப் பெண் ஒருத்தி, சுங்குடிச் சேலைக் கட்டோடு ஏறினாள். அன்றைக்குச் சிறுமலைப் பக்கம் மேகம் இறங்கிக் கிடந்தது. மழைக்கு முந்தின காற்று ஒரு ஜன்னலில் ஏறி மறு ஜன்னலில் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸே கண் செருகி நின்ற மாதிரி இருந்தது. நான் டிக்கெட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. மலையையே பார்த்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள். "ஓசியில போறதுக்கும் சீட்டா? அப்ப இந்தக் காத்து வத்தலக்குண்டுல இருந்து ஓசியிலதான வருது, அதுக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

மல்லிகை மூட்டை போட்ட மயக்கம்

சின்னாளபட்டியில் ஏதோ கல்யாணம். திண்டுக்கல் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகை மூட்டைகளை என் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மதிய வெயிலில் மூட்டை வியர்க்க ஆரம்பித்ததும் வாசனை பஸ் முழுக்க நிறைந்தது. முதலில் முன்சீட்டு தூங்கியது. பிறகு நடுசீட்டு. டிக்கெட் வாங்காதவர்கள் பொய்யாகக் கண்ணை மூடி, மூடிய கையோடு மெய்யாகவே தூங்கிவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் கம்பியிலேயே கொடி மாதிரி படர்ந்துவிட்டார்கள். நானும் விசிலை உதட்டில் வைத்தபடி படிக்கட்டுப் பக்கம் சாய்ந்தேன். அரைக் கண்ணில் பார்த்தால், வழியில் பாலுச்சாமி ஏறுகிறான். போச்சு என்று நினைத்தேன். முதல் சீட்டுக்காரரிடம் "டிக்" என்றான். மீதியைக் கொட்டாவியாக விட்டான். அப்படியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து குறட்டை விட்டான்.

காந்திகிராமத்தில் வேப்ப மரத்து நிழலில் பஸ் நிற்கிறது. எல்லோரும் ஒரே கனவிலிருந்து எழுந்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி இறங்குகிறார்கள். பூ மூட்டைகளைக் காணோம். அவை சின்னாளபட்டியில் ஒழுங்காக இறங்கியிருந்தன. யார் இறக்கினார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. பாலுச்சாமி பார்ப்பதற்கு ஒரு பயணிகூட மிச்சமில்லை. நான் முன்னால் போய் டிரைவர் காதரிடம், "பாய், எல்லா ஸ்டாப்லயும் நிறுத்துனியா?" என்று கேட்டேன். காதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். "நான் எங்கண்ணே ஓட்டுனேன்? ஒவ்வொரு ஸ்டாப்லயும் உங்க விசில் சத்தம் கேட்டுச்சு, பஸ்ஸு அது பாட்டுக்கு நின்னு நின்னு வந்துச்சு."

லக்கேஜா, பயணியா?

கடைசி நாளும் வந்தது. மதிய ட்ரிப் போய்த் திரும்பினால் டிப்போவில் மாலை தயார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஆரோக்கியம் டீச்சர் ஏறினார். எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்தோ ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. குழந்தையைத் தூக்குகிற மாதிரி கையில் ஒரு மாதா சுரூபத்தைத் தூக்கிவந்தார். ஊர்க் கெபியில், அந்தக் குகை மாதிரிக் கட்டின மேடையில், வைத்திருந்த மாதாவுக்கு டவுனில் புதுசாக நீல வர்ணம் பூசிக் கொண்டுபோகிறார். மாதாவை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். "டீச்சர், இவ்வளவு பெருசுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும்" என்றேன்.

"யாரை லக்கேஜுங்கிறீக?"

"சரி டீச்சர், லக்கேஜ் இல்லை. பயணின்னா முழு டிக்கெட்."

"பொம்பளைகளுக்கு ஃப்ரீதான? மாதா பொம்பளையா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

பஸ்ஸே என் வாயைப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருத்தர், "நாயம்தானப்பா, அடிச்சுக் குடு" என்றார். டீச்சருக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று என்று அடித்துக் கொடுத்தேன். டீச்சர் மாதாவின் கூப்பிய விரல்களுக்கு நடுவில் அந்தக் காகிதத்தைச் செருகி வைத்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த காதர் சொன்னான்: "அண்ணே, இத்தனை வருசத்துல டிக்கெட்டை இம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கிற ஒரு பயணிய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

கழன்று விழுந்த செருப்பு

பேகம்பூர் தாண்டியதும் கூட்டம் தணிந்தது. பின்சீட்டில் சுங்குடிச் சேலை கட்டிய ஒரு அம்மா, முந்தானையை முகம் மூடப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு கழன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது. தலை வளைவு முடிந்த பிறகே திரும்பியது. சத்தியமான தூக்கம். கடைசி நாளிலா ஒருவர் தூக்கத்தைக் கலைப்பது? சின்னாளபட்டி வரும்போது எழுப்பலாம் என்று படிக்கட்டில் சாய்ந்தேன். சிறுமலை நீலமாக, மாதாவின் சேலை நிறத்தில், பஸ்ஸோடு கூடவே வந்தது. இந்த ரோட்டை இனிமேல் நின்றுகொண்டு பார்க்க மாட்டேன் என்று நினைத்ததும் மனசு எங்கேயோ மிதந்து போய்விட்டது.

பஸ் நின்ற பிறகுதான் புளியமரத்தைப் பார்த்தேன். அதற்குள் பாலுச்சாமி ஏறிவிட்டான். முகத்தில் சிரிப்பில்லை. முன்னாலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தான். மாதா கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துத் திகைத்துவிட்டு நகர்ந்தான். பின்சீட்டுக்கு வந்து, "அம்மா, டிக்கெட்" என்றான். முந்தானை விலகியது. என் வாயிலிருந்த விசில் கழன்று அந்தச் செருப்புப் பக்கத்தில் விழுந்தது. பொன்னுத்தாயி. வீட்டில் பார்க்கிற மூஞ்சியைப் பஸ்ஸிலும் பார்க்கணுமா என்று ஒரு நாளும் என் பஸ்ஸில் ஏறாதவள், கடைசி நாளாச்சே என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஏறியிருக்கிறாள்.

"பாலு? நீ எங்கடா இங்க?"

"அக்கா, டிக்கெட்டை எடு."

"ஏது டிக்கெட்டு? உன் மச்சான் என்னைய எழுப்பவே இல்லையே."

இதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமா? பாலுச்சாமி மெமோப் புத்தகத்தை எடுத்தான். பேனா மூடியைக் கழற்றினான். பஸ் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து பார்க்கிறது; விட்டால் அவன் பேர் போகும், எழுதினால் என் பேர் போகும். என் காதில் கேட்க வேண்டிய அந்த ஒரு வரி, கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது.

அப்போது ஒரு காற்று வந்தது. வெளியே புளிய இலை அசையவில்லை, இதையும் சத்தியமாகச் சொல்கிறேன். மாதாவின் விரல்களிலிருந்து காகிதம் மெல்ல எழுந்தது. டீச்சர் கை பட்டதா, காற்றுத்தான் தூக்கியதா, நான் பார்க்கவில்லை. நடுவழியில் நின்று, யோசித்து, ஒவ்வொரு சீட்டாகக் கடந்து வந்து பொன்னுத்தாயி மடியில் உட்கார்ந்தது. பாலுச்சாமி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இன்றைய டிக்கெட், இதே ட்ரிப், பெண்களுக்கானது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சபதம் விடுமா? ஜன்னலோரம் திரும்பி, "அப்ப இதுக்கு" என்று ஆரம்பித்தவன், அந்த முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கி, "இவுகளுக்கு டிக்கெட் எங்க டீச்சர்?" என்றான்.

"என்னைய ஏந் தம்பி கேக்குறீக? குடுத்தவுக உக்காந்திருக்காக, அவுகளையே கேளுங்க."

பாலுச்சாமி மாதா முன்னால் போய் நின்றான். மாதாவும் அவனைப் பார்த்தாள். புது வர்ணம் வெயிலில் மினுங்கியதா, உதடு நிஜமாகவே விரிந்ததா, காதரைக் கேட்டால் விரிந்தது என்றுதான் சொல்வான். செக்கர் ஒருத்தன் ஒரு பயணியிடம் டிக்கெட் கேட்க வாய் வராமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பொன்னுத்தாயி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "கட்டுன பொண்டாட்டிய அடையாளந் தெரியாம போனதுக்கு மெமோவ நான் வீட்டுல வச்சு எழுதிக்கிறேன். நீ பேனாவ மூடுடா."

டிப்போவில் மாலை போட்டு அந்த ஒரு வரியைச் சொல்லித்தான் அனுப்பினார்கள், ஆனால் அவள் எழுதிய மெமோவுக்கு மூன்று வேளையும் விளக்கம் கொடுத்தே என் ஓய்வுக்காலம் ஓடுகிறது. அதனால் இதையெல்லாம் யார் சொன்னது என்று மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள், முக்கியமாகப் புளியமரத்தடியில் நிற்கிற அவள் தம்பியிடம்.