பக்கத்து மேசையின் முகில்

துருவத்து முகில்களுக்குள் பனி எப்படி உருவாகிறது என்று கொம்பியூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் தொழில். வெள்ளவத்தையில் மின்விசிறிக்கு அடியில் வேர்த்துக்கொண்டு செய்கிறேன். வேலை கஷ்டமில்லை. பக்கத்து மேசைதான் கஷ்டம். பக்கத்து மேசையால் நித்திரை கெட்டவர்கள் மட்டும் மேலே வாசியுங்கள், மற்றவர்களுக்கு விளங்காது.

செத்தல் மிளகாய்

பக்கத்து மேசைக்காரி தர்சினி. என்னைவிட நான்கு வயது இளையவள். போதாததற்கு நாங்கள் இருவரும் ஒரே தொடர்மாடியில் குடியிருக்கிறோம். ஒரு நாள் கீழ்வீட்டு சிவம் அங்கிள், மொட்டை மாடியில் செத்தல் மிளகாய் காயப்போடலாமா என்று என்னைக் கேட்டார். காலநிலை வேறு, அன்றாட வானிலை வேறு என்று பத்து நிமிடம் விளக்கினேன். படியிறங்கி வந்த தர்சினி, “வேண்டாம் அங்கிள், மூண்டு மணிக்கு மழை” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. ஜன்னலால் கடல் கறுத்துக் கிடந்ததைப் பார்த்துத்தான் சொன்னாளாம். அங்கிள் என்னைத் தேடி வந்தார். “தம்பி, நீரும் அந்தப் பிள்ளை படிச்ச இடத்தில படிச்சிருக்கலாமே!”

நிற்காத முகில்

துருவத்து முகிலில் தண்ணீர் மைனஸ் இருபதிலும் லேசில் உறையாது. ஒட்டிக்கொள்ள ஒரு தூசித் துணிக்கை வேண்டும். எத்தனை துணிக்கை என்று கொம்பியூட்டர் மொடலுக்குச் சொல்வது நாங்கள். கூடச் சொன்னால் முகில் முழுக்கப் பனியாகிக் கொட்டிவிடும், வெயில் நேரே கடலில் விழும். என் முகில்கள் எல்லாம் அப்படித்தான் கொட்டித் தீர்ந்தன. தர்சினியுடையவை பாதியாவது நின்றன.

அந்த நேரம் பார்த்து, துருவத்துக்குப் போகும் ஆய்வுக் கப்பலில் எங்கள் குழுவுக்கு ஓர் இடம் கிடைத்தது. யாருடைய முகில், செய்மதி மேலிருந்து எடுத்த படத்தோடு முதலில் பொருந்துகிறதோ, அவருக்கு அந்த இடம். பனியைப் பனியாகவே ஒரு தரம் பார்க்க எனக்குப் பதினொரு வருட ஆசை. எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் குழுவின் பேராசிரியர் அதில் எண்ணெய் ஊற்றினார். “தர்சினியின்ட முகில் நிக்குது. உம்மட ஏன் ஐசே நிக்குதில்லை?”

பிழை பிடித்தேன்

என் முகிலைத் திருத்துவதை விட்டுவிட்டு, அவளுடைய மொடலில் பிழை தேடத் தொடங்கினேன். இரண்டு கிழமை. மத்தியானச் சாப்பாட்டையும் மேசையிலேயே முடித்தேன். கடைசியில் அகப்பட்டது: அவள் மொடலுக்குக் கொடுத்திருந்த தூசி அட்டவணை பாலைவனத்துக்குரியது! துருவக் கடலின் மேல் அவ்வளவு தூசிக்கு எங்கே போவது?

கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து சொன்னேன். அவ்வளவு சந்தோசமாக நான் என் கலியாணத்தில்கூடப் பேசியதில்லை. தர்சினி அந்த அட்டவணைக் கோப்பைத் திறந்தாள். முதல் வரியில் தயாரித்தவர் பெயர் இருந்தது. என் பெயர். அவள் குழுவில் புதிதாகச் சேர்ந்தபோது நானே கொடுத்த அட்டவணை. அவள் கொஞ்சமும் நக்கல் இல்லாமல் சொன்னாள்: “நீங்கள் தந்ததெண்டபடியால் நான் செக் பண்ணவே இல்லை அண்ணா.”

கப்பல்

அன்று பின்னேரமே அவள் அட்டவணையை மாற்றி ஓடவிட்டாள். அடுத்த நாள் அவள் முகில் செய்மதிப் படத்தோடு பொருந்திவிட்டது. அதே அட்டவணை என் மொடலிலும் இருந்தது என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. மாற்றினேன், என் முகிலும் அழகாக நின்றது. அதற்குள் கப்பலுக்கு அவள் பெயரை அனுப்பி இரண்டு நாள் கழிந்திருந்தது. அந்த இரண்டு கிழமையில் ஒரு தரம் என் கோப்பைத் திறந்திருந்தால் நான் போயிருப்பேன்.

போகிற அன்று அவள் பெட்டியோடு என் வாசலில் நின்றாள். முகத்தைச் சிரித்தபடி வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். “கப்பலில நான் அளக்கிற தூசிக் கணக்கை உங்களுக்குத்தான் அண்ணா அனுப்புவன். என்ர வேலையை இவ்வளவு அக்கறையாப் பாக்க வேற ஆர் இருக்கினம்?”

பொறாமையில் பட்ட பாடும் இந்தத் தொழிலில் வீண்போவதில்லை, பலன் மட்டும் பக்கத்து மேசைக்குப் போய்ச் சேர்கிறது.