கிழக்கே திரும்பிய ஆட்டப்பெட்டி

1986 டிசம்பர் 9, செவ்வாய். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பெயர்களைக் கூப்பிட்டு முடித்தேன். மழை விட்டதும் எஸ்டேட் ஆபீசைத் திறந்து, மேசையைத் துடைத்து, பேனாவுக்கு மை ஊற்றினேன். கணக்கெழுதும் கிராணியின் நாள் அப்படித்தான் தொடங்கும். அன்று மை காய்வதற்குள் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக விரிவுரையாளரின் கார் சேற்றோடு வந்து நின்றது. எங்கள் எஸ்டேட் உலகப் புகழ் பெறப் போகிறதாம்.

அவ்வாண்டின் தொடக்கத்தில், ஒருகாலத்தில் ஆட்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, பின்னர் பூட்டிக் கிடந்த பிள்ளைக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் அவர் ஒரு கருவியை வைத்துவிட்டுப் போயிருந்தார். நிலநடுக்கத்தைப் பதியும் பெட்டி, எங்களுக்கு ஆட்டப்பெட்டி. சுமாத்ராவுக்கு அடியில் கடல்தரை சரிந்து இறங்குகிறது. அந்த அழுத்தத்தில் பாறைக்குள் இருக்கும் கனிமங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்துவிடுகின்றன. அங்கே எழும் அதிர்வு வழியில் இரண்டாகப் பிரிகிறது. படுத்த திசையில் ஆடும் பாதி முந்தி வரும், குறுக்கே ஆடும் பாதி பிந்தி வரும். எது முந்தியது என்று பார்த்தால் கனிமம் படுத்திருக்கும் திசை தெரியும். இதை அவர் விளக்கியபோது எங்கள் மேனேஜர், கனிமங்களுக்குத் தாமே உத்தரவிட்டவர்போலத் தலையாட்டினார்.

"எல்லாரும் கனிமம் ஒரு பக்கமா படுத்திருக்குன்னு சொல்றாங்க. நம்ம பெட்டி நேர் குறுக்கால படுத்திருக்குன்னு சொல்லுது!" என்றார் விரிவுரையாளர்.

"எப்பருந்து சார்?" என்று கேட்டேன்.

"அக்டோபர்லேர்ந்து. அதுக்கு முன்னாடி இதுவும் மத்தவங்க மாதிரிதான் சொல்லிச்சு. கீழ என்னமோ புரண்டுருக்கு, கிராணி!"

அடுத்த வாரம் வெளிநாட்டு அறிஞர்கள் முன்னால் அவர் பேச வேண்டும். அந்தப் பேச்சில்தான் அவருடைய பதவி உயர்வு தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் உடனே கறிப்பாப் பலகாரம் வாங்கிவர ஆளனுப்பினார். பூமி தம் நிர்வாகத்தின் கீழ் புரண்டதில் அவருக்கு மகிழ்ச்சி.

எல்லோரும் கொட்டகைக்குப் போனோம். பெட்டி சந்தனம் பூசி, காய்ந்த சாமந்தி மாலையோடு இருந்தது. அதன் தலைமேல் வடக்கைக் காட்ட வேண்டிய அம்புக்குறி நேராக வாசலைக் காட்டியது. வாசல் கிழக்கே.

"யாரு திருப்புனது?"

"நாந்தான் டாக்டர்," என்றார் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர், பாராட்டை எதிர்பார்த்து. "ஆயுத பூஜைக்கு லோரி, தராசு, மருந்து பம்பு எல்லாம் கெழக்கு பாத்து நிக்கிது. இது மட்டும் வடக்க பாத்து மொறச்சிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

"பூஜை முடிஞ்சதும் திருப்பி வெச்சிருக்கலாமே!"

"சாமி கும்புட்ட பொருள நாமளா திருப்பக் கூடாது. லோரி மறுநாளே வேலைக்கிப் போயி தானா திரும்பிக்கிச்சு. இது எங்கயும் போவலியே."

மேனேஜர் கேட்டார்: "அப்ப பூமி புரளலியா?"

"பூமியெல்லாம் இல்லீங்க. நானும் லோரி டிரைவரும்தான்."

விரிவுரையாளர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கோட்பாடு மாலையோடு காய்ந்திருந்தது. மேனேஜர் குனிந்து மெல்லச் சொன்னார்: "டாக்டர், கோலாலம்பூர்ல இது யாருக்கும் தெரியாது. அப்படியே பேசிட்டா என்ன?"

விரிவுரையாளர் உடனே மறுக்கவில்லை. ஒரு கறிப்பாப்பை முழுதாகத் தின்றுமுடிக்கும் அளவுக்கு யோசித்தார். பிறகு, "எவ்வளவு திரும்பியிருக்குன்னு சரியா அளந்துட்டா, பதிவையெல்லாம் அந்த அளவுக்குத் திருப்பிக்கலாம்," என்றார். "ஒண்ணும் வீணாப் போவாது. மத்தவங்க சொன்னதையேதான் நானும் சொல்லுவேன். அவ்வளவுதான்." கடைசிச் சொல்லில் பதவி உயர்வு சற்றுத் தள்ளிப் போனது தெரிந்தது.

பெட்டியை யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுத் திசைகாட்டியோடு மாலைவரை அளந்தார். அளந்து முடித்ததும் திருப்பப் போனவரை மண்டோர் தடுத்தார். பொழுது சாயும் நேரத்தில் அதைச் செய்யக் கூடாதாம். படித்தவர் அதற்கும் கட்டுப்பட்டார். அன்றிரவு மேனேஜரின் பங்களாவிலேயே தங்கினார்.

மறுநாள் பெரட்டுக்கு முன்பே கொட்டகை வாசலில் மண்டோர் தேங்காய் உடைத்தார். பெட்டியை வடக்கே திருப்பினார்கள். திருப்பிய கையோடு மண்டோர், கிழக்கைப் பார்த்த அதன் பக்கவாட்டில் பெரிய குங்குமப் பொட்டு ஒன்று வைத்து, அதுதான் இனி முகம் என்றார். பொட்டு வைத்தபோது பெட்டி நகராமலிருக்க, விரிவுரையாளர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.